சட்டை மாறினால் சட்டமும் மாறும்: பிரிட்டிஷ் கடற்படையின் கல்நார் வழக்கு

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் நமக்குக் கூரைதான் நினைவுக்கு வரும். மே மாதத்தில் உள்ளே இருப்பவரை வேகவைக்கும் அந்தச் சாம்பல் நிற ஷீட். தமிழில் அதற்குக் கல்நார் என்று பெயர். யார் வைத்த பெயரோ, அச்சாகப் பொருந்துகிறது. மண்ணிலிருந்து கல்லாக வருகிறது, விரலால் கிள்ளினால் நாராகப் பிரிகிறது. ஒரு நாரைக் கிள்ளினால் அதற்குள் இன்னும் நூறு நார். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்த பிறகும் அது நார்தான். அந்த அளவில்தான் அது நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகிறது.

இது கூரையைப் பற்றிய கட்டுரை அல்ல. பிரிட்டிஷ் கடற்படையில் 1955-லிருந்து 1968 வரை மின்பணியாளராக இருந்த ஒருவர், 2001-ல் தன் நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மீது தொடுத்த வழக்கைப் பற்றியது. சட்டப் புத்தகங்களில் அது ‘மேத்யூஸ் எதிர் பாதுகாப்பு அமைச்சகம்’. கப்பலில் சுவாசித்த கல்நார்த் தூசியால் நுரையீரல் உறையில் தடிப்புகளும் நார்த்தழும்பும் வந்துவிட்டன, அதற்கு நஷ்ட ஈடு வேண்டும் என்பது கோரிக்கை. அமைச்சகம் சொன்ன பதிலில் தூசியே இல்லை. உங்களுக்கு வழக்குப் போடும் உரிமையே கிடையாது என்றது.

கப்பலுக்குள்

நீராவியில் ஓடும் போர்க்கப்பலின் கொதிகலன் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். கொதிகலனிலிருந்து டர்பைனுக்குப் போகும் குழாயைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூடு வெளியே வந்தால் ஆட்கள் உள்ளே நிற்க முடியாது, நீராவியின் வலுவும் குறையும். அதனால் குழாய்க்குப் போர்வை. அரைவட்டமாக வார்த்த கல்நார்த் துண்டுகளைக் குழாயின் இருபுறமும் வைத்துக் கம்பியால் கட்டுவார்கள். இடைவெளிகளை அடைக்கக் கல்நார்ப் பொடியைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டுக் களி மாதிரி பிசைந்து அப்புவார்கள். மேலே கித்தான் துணியைச் சுற்றித் தைத்து, பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது. இந்த வேலையில் மிக மோசமான நொடி, மூட்டையின் வாயைத் திறந்து பொடியைத் தொட்டியில் கவிழ்க்கும் அந்த நொடிதான்.

பெயின்ட் அடித்த குழாய் சும்மா கிடக்கும்வரை யாருக்கும் தீங்கில்லை. கப்பலில் எதுவும் சும்மா கிடக்காது என்பதுதான் தொல்லை. ஒரு வால்வு கசியும், ஓர் இணைப்பில் கேஸ்கட் போகும். கித்தானைக் கிழித்து, உலர்ந்து பொரிந்துபோன போர்வையைச் சுத்தியலால் தட்டி உடைத்து எடுத்தால்தான் உள்ளே கை வைக்க முடியும். உடைத்தது கீழே விழும், அதை மிதித்து நடப்பார்கள், பிறகு யாராவது துடைப்பத்தால் கூட்டுவார்கள். தட்டியபோது எழுந்த தூசி கூட்டும்போது மறுபடி எழும்.

மின்பணியாளருக்கு இதில் என்ன வேலை? கம்பி இழுப்பதுதானே அவர் தொழில் என்று கேட்கலாம். போர்க்கப்பலில் குழாய் போகும் பாதையும் கம்பி போகும் பாதையும் ஒன்றேதான். பக்கத்தில் ஒருவர் போர்வையை உடைத்துக்கொண்டிருக்க, இவர் ஏணியில் நின்று கம்பிக்குக் கொக்கி அடித்துக்கொண்டிருப்பார். போதாததற்கு, 1940-களின் நடுவிலிருந்து 1963 வரை பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களின் உட்சுவர்களிலும் மேல்தளத்தின் அடிப்பகுதியிலும் நீலக் கல்நாரைக் குழாய் வைத்துப் பீய்ச்சி ஒட்டியது. இரும்பில் நீர் வியர்க்கக் கூடாது, உள்ளே வெப்பம் சீராக இருக்க வேண்டும் என்பது காரணம். கல்நார் வகைகளில் மிகக் கொடியது நீலம். கூரை போல ஒட்டியிருந்த அதில்தான் துளை போட்டுக் கொக்கி மாட்ட வேண்டும். மாலுமிகள் அதன் கீழேயே சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். கப்பல் கட்டும் தளங்களில் பயிற்சிப் பையன்கள் ஈரக் கல்நாரை உருண்டை பிடித்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள் என்று பிற்காலத்தில் பலரும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் டெவன்போர்ட் கடற்படைக் கப்பல்துறையில் கடற்படை மருத்துவர் ஹாரிஸ் இந்தத் தூசியை அளந்தார், நோயாளிகளைத் தேடினார். கல்நாரைக் கையால் பிசைந்தவர்களோடு கணக்கு முடியவில்லை. பக்கத்தில் நின்று வேறு வேலை பார்த்தவர்களுக்கும் நோய் வந்திருந்தது.

யாருக்கு எப்போது தெரியும்

இது தீங்கானது என்று அரசுக்கு 1960-களில்தான் தெரிந்தது என்று நினைத்தால் தவறு. தொழிற்சாலை ஆய்வாளர்கள் மெரிவெதரும் பிரைஸும் கல்நார்த் தொழிலாளர்களைப் பரிசோதித்துப் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்தது 1930-ல். அடுத்த ஆண்டே தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. ஆனால் அவை கல்நாரைப் பொருளாக்கும் தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதியவை. கடலில் போகும் போர்க்கப்பலின் கொதிகலன் அறையில் அந்த விதியை யார் பார்க்கப் போகிறார்கள்? 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் சகாக்களும் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து 33 பேரின் மீசோதீலியோமா நோயைப் பதிவு செய்தார்கள். நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் அது. கல்நார் இல்லாத இடத்தில் அரிதிலும் அரிது. நம் மின்பணியாளர் அப்போது பணியில் சேர்ந்து ஐந்தாவது ஆண்டு. இன்னும் எட்டு ஆண்டு பாக்கி.

அட்லான்டிக்கின் மறுகரையில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரிந்தும் தெரியாமல் இருப்பது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அமெரிக்கக் கடற்படைக்குக் கப்பல் கட்டிய தளங்களில் குழாய்க்குக் கல்நார் சுற்றிய 1,074 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 1946-ல் வெளிவந்தது. அவர்களில் மூன்றே பேருக்குத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் (கல்நார்த் தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய்) இருந்தது, எனவே இது ஆபத்தான தொழில் அல்ல என்று முடிவு எழுதினார்கள். ஆய்வில் வந்தவர்களில் 95 சதவீதம் பேர் அந்த வேலையில் பத்தாண்டுகூட ஆகாதவர்கள். போர்க்காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள். நோய் கண்ட மூவரும் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்கள். நட்டு இரண்டு வருடமான தென்னந்தோப்பில் தேடிவிட்டு, தென்னை காய்க்காத மரம் என்று எழுதினால் எப்படி இருக்கும்? அந்த ஆய்வை வெகுகாலம் மேற்கோள் காட்டினார்கள்.

பத்தாம் பிரிவு

இனி சட்டம். பிரிட்டனில் 1947 வரை, கவனக்குறைவு போன்ற தவறுகளுக்காக அரசின் மீது யாருமே நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. மன்னர் தவறு செய்யமாட்டார் என்பது பழைய கொள்கை. நடைமுறையில் ஒரு குறுக்கு வழி இருந்தது: குறிப்பிட்ட ஓர் அதிகாரியின் பெயரை அரசு கொடுக்கும், வழக்கு அவர் மீது நடக்கும், தோற்றால் பணத்தை அரசு கட்டும். போர்க்காலத்தில் சவுத்போர்ட் கடற்கரையில் ராணுவம் புதைத்திருந்த கண்ணிவெடியில் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான், இன்னொருவன் காயமடைந்தான். 1946-ல் அந்த வழக்கு பிரபுக்கள் சபைக்கு (அந்நாளில் பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றம் அதுதான்) வந்தபோது, சம்பந்தமே இல்லாத ஓர் அதிகாரியின் தலையில் பொறுப்பைக் கட்டும் இந்த ஏற்பாடு செல்லாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆண்டே கிரவுன் நடவடிக்கைகள் சட்டம் வந்தது. அரசின் மீதும் வழக்குப் போடலாம் என்றது.

அதே சட்டத்தின் 10-ம் பிரிவு ஒரு விதிவிலக்கைச் செருகியது. பணியில் இருக்கும் படைவீரருக்கு இன்னொரு படைவீரரால் காயமோ சாவோ நேர்ந்தால், அல்லது படைக்கான நிலம், கட்டடம், கப்பல், விமானம், வண்டி ஆகியவற்றின் நிலையால் நேர்ந்தால், அரசு பொறுப்பல்ல. ஒரே நிபந்தனை: அந்தப் பாதிப்பு ஓய்வூதிய நோக்கத்துக்குப் பணியால் வந்ததாகக் கருதப்படும் என்று அமைச்சர் சான்றிதழ் தர வேண்டும். ‘கப்பலின் நிலை’ என்பதைக் கவனியுங்கள். குழாய்ப் போர்வையும் சுவரில் பீய்ச்சிய நீலக் கல்நாரும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று. சான்றிதழ் வந்தால் பணம் வந்துவிட்டது என்று பொருளல்ல. பாதிப்பு பணியால் வந்தது என்பதை மட்டும் அது ஏற்கிறது. பணம் எவ்வளவு, கிடைக்குமா கிடைக்காதா என்பதையெல்லாம் ஓய்வூதியத் திட்டம் தனியாக முடிவு செய்யும்.

இப்போது அதே டெவன்போர்ட்டில், அதே கப்பலின் அதே அறையில், ஒரே நாளில் இரண்டு பேர் வேலை பார்த்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கப்பல்துறையின் சிவில் தொழிலாளி, மற்றவர் கடற்படைச் சீருடையில் இருப்பவர். சம்பளம் தருவது ஒரே அரசு, சுவாசித்தது ஒரே தூசி. முப்பது ஆண்டு கழித்து இருவருக்கும் ஒரே நோய் வந்தால், முதலாமவர் அரசின் கவனக்குறைவை நிரூபித்து முழு நஷ்ட ஈடு வாங்கலாம். இரண்டாமவர் நீதிமன்ற வாசலைத் தாண்ட முடியாது.

சமாதான காலத்துப் பயிற்சி விபத்துகளில் மகன்களை இழந்த குடும்பங்களின் குரல் வலுத்த பிறகு, 1987-ல் இந்தப் பிரிவை நிறுத்திவைக்கும் தனிநபர் மசோதா நிறைவேறியது. கொண்டுவந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். போர்க்காலப் பிரதமர் அல்ல, அதே பெயர் கொண்ட அவர் பேரன். 1987 மே 15 முதல் படைவீரர்களும் வழக்குப் போடலாம். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த தவறுகளுக்கு மட்டும்.

விபத்தைப் பொறுத்தவரை அது நியாயமான கோடுதான். இன்று வண்டி மோதினால் இன்றே கால் உடையும். கல்நாரில் தவறு ஒரு தலைமுறையில் நடக்கிறது, நோய் அடுத்த தலைமுறையில் வருகிறது. நடுவில் இருபது முதல் ஐம்பது ஆண்டு. 1960-ல் சுவாசித்தவருக்கு 2000-ல் நோய் தெரிந்தாலும், சட்டம் பார்ப்பது 1960-ஐத்தான். 1987-ல் கதவைத் திறந்தபோது வெளியே நின்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தாங்கள் நோயாளிகள் என்பதே தெரியாது.

பிரபுக்கள் சொன்னது

2001-ல் நம் மின்பணியாளர் வழக்குப் போட்டபோது கையில் புதிதாக ஓர் ஆயுதம் இருந்தது: 1998-ன் மனித உரிமைச் சட்டம். ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 6-ம் பிரிவு, எவருக்கும் தன் சிவில் உரிமையை நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பைத் தருகிறது. 1947 சட்டத்தின் 10-ம் பிரிவு அதைப் பறிக்கிறது என்பது அவர் வாதம். உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கீத் அதை ஏற்றார். இரண்டும் ஒத்துப்போகாது என்று அறிவித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2003 பிப்ரவரி 13-ல் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

அவர்கள் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: 6-ம் பிரிவு இருக்கிற உரிமையைப் பாதுகாக்கும், இல்லாத உரிமையை உண்டாக்காது. 10-ம் பிரிவு படைவீரரின் உரிமையைக் கதவுக்கு வெளியே தடுத்து நிறுத்தும் தடையல்ல. அப்படி ஓர் உரிமை அவருக்கு எக்காலத்திலும் இருந்ததே இல்லை என்பதுதான் அதன் பொருள். 1947-ல் நாடாளுமன்றம் செய்தது ஒரு பரிமாற்றம். கவனக்குறைவை நிரூபித்து வாங்கும் நஷ்ட ஈட்டுக்குப் பதில், யார் குற்றம் என்று கேட்காமலே தரும் ஓய்வூதியம்.

சட்டமாகப் படித்தால் அதில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். எனக்கு உறுத்துவது அந்தப் பரிமாற்றத்தின் மறுதட்டில் வைத்தது சமமான எடைதானா என்ற கேள்வி. அதை எடைபோடுவது நீதிபதிகளின் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். (இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. நுரையீரல் உறைத் தடிப்பு மட்டும் இருந்தால் அது நஷ்ட ஈட்டுக்குரிய பாதிப்பே அல்ல என்று 2007-ல் அதே சபை வேறொரு வழக்கில் சொன்னது. ஸ்காட்லாந்து அதை ஏற்காமல் 2009-ல் தனிச் சட்டமே போட்டது.)

மறுதட்டு

போர் ஓய்வூதியத் திட்டம் மோசமான திட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. 2005 ஏப்ரல் 6-க்கு முந்தைய பணியால் வந்த பாதிப்பு எதற்கும் அதில் கோரலாம். ஆதார விஷயத்தில் தாராளம் என்றே சொல்வேன். பணியிலிருந்து விலகி ஏழு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டாலும், நம்பத்தகுந்த ஆதாரத்தின் பேரில் நியாயமான ஒரு சந்தேகத்தைக் கிளப்பினால் போதும், அதன் பலன் வீரருக்குத்தான். கல்நார் நோயாளிகள் ஏறக்குறைய எல்லோருமே இந்த ஏழு ஆண்டைத் தாண்டியவர்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, என்ன பதவி என்று பணிப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் உதவும். பாதிப்பு 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ஒருமுறைத் தொகை, அதற்கு மேல் வாராந்திர ஓய்வூதியம். மீசோதீலியோமாவுக்கு நேராக 100 சதவீதம்.

சரி, பிறகென்ன குறை? வாராந்திரம் என்பதுதான் குறை. இது போரில் காலை இழந்த இருபத்தைந்து வயது இளைஞனை மனதில் வைத்து வடிவமைத்த திட்டம். அவன் இன்னும் ஐம்பது ஆண்டு வாழ்வான், வாரா வாரம் வரும் பணம் சேர்ந்து பெரிய தொகையாகும். மீசோதீலியோமா நோயாளி, நோய் தெரிந்தபின் பெரும்பாலும் ஓராண்டை ஒட்டித்தான் உயிரோடு இருக்கிறார். 2015 வாக்கில் 100 சதவீத ஓய்வூதியம் வாரத்துக்கு ஏறக்குறைய 180 பவுண்டு. 52-ஆல் பெருக்கிப் பாருங்கள், பத்தாயிரம்கூட வராது. துணைப்படிகளைச் சேர்த்தாலும், மணமாகாத ஒரு மாலுமி ஓராண்டில் இறந்தால் அவருக்குக் கிடைப்பது மொத்தம் சுமார் 31,000 பவுண்டு என்று முன்னாள் படைவீரர் அமைப்பான ராயல் பிரிட்டிஷ் லீஜியன் கணக்குக் காட்டியது.

இதற்கிடையே 2014-ல் மீசோதீலியோமா சட்டம் வந்தது. கல்நாரில் வேலை வாங்கிய கம்பெனி மூடிப்போய், அதன் காப்பீட்டு நிறுவனத்தையும் கண்டுபிடிக்க முடியாத தொழிலாளர்களுக்கு, காப்பீட்டுத் துறையிடம் வரி வசூலித்துப் பணம் தரும் திட்டம். மாலுமியின் வயதையொத்த ஒரு சிவில் தொழிலாளிக்கு அதில் சுமார் 180,000 பவுண்டு வரை கிடைக்க வழி இருந்தது. மாலுமிக்கு அதில் இடமில்லை. காணாமல் போன முதலாளியிடம் வேலை பார்த்தவருக்குப் பணம் உண்டு, அரசு அமைச்சகங்கள் இருக்கும் லண்டன் ஒயிட்ஹாலில் அப்படியே உட்கார்ந்திருக்கும் முதலாளியிடம் வேலை பார்த்தவருக்குக் கிடையாது. லீஜியன் தன் பிரசாரத்தில் பிடித்துக்கொண்டது இந்த முரணைத்தான். நீதிமன்றத்தில் 2003-ல் எடுபடாத வாதம், இரண்டு தொகைகளை அருகருகே வைத்ததும் அரசியல்வாதிகளுக்குப் புரிந்தது.

அமெரிக்க மாலுமிகள் இதே சுவரில் வேறு இடத்தில் முட்டினார்கள். அங்கே 1950-ன் ஃபெரஸ் தீர்ப்பு, பணியால் வந்த காயத்துக்கு அரசின் மீது வழக்குப் போடுவதை அடைத்துவிட்டது. அதனால் அவர்கள் கப்பலுக்குப் பம்பும் டர்பைனும் விற்ற கம்பெனிகளைப் பிடித்தார்கள். நாங்கள் வெறும் இரும்பைத்தான் கொடுத்தோம், கல்நாரைச் சுற்றியது கடற்படை என்று கம்பெனிகள் கைவிரித்தன. 1957 முதல் 1960 வரை டர்னர் என்ற கப்பலில் இருந்த ஒருவரும், பின்னாளில் வேறு கப்பல்களில் இருந்த இன்னொருவரும் தொடுத்த வழக்குகள், இருவரும் இறந்த பிறகு மனைவிமார் பெயரில் உச்ச நீதிமன்றம் போயின. 2019 மார்ச்சில் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு. கல்நார் இல்லாமல் ஓடாத இயந்திரத்தை விற்றவர், சேர்த்தபின் அது ஆபத்தாகும் என்று அறிந்திருக்க வேண்டியவர், பயன்படுத்துபவருக்கு அந்த ஆபத்து புரியாது என்றால் எச்சரித்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கடல்சார் சட்டத்துக்கு மட்டும் பொருந்தும் தீர்ப்பு இது. அரசிடமிருந்து வரும் உதவித்தொகை தனி: முன்னாள் படைவீரர் துறை மீசோதீலியோமாவை 100 சதவீத இயலாமையாகக் கணக்கிடுகிறது. கப்பலில் கல்நாரோடு பழகும் வாய்ப்பு எந்தப் பணிக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது. கொதிகலன் பணியாளருக்கு மிக அதிகம், எழுத்தருக்கு மிகக் குறைவு. நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை மட்டும் ஒவ்வொருவரும் மருத்துவரின் கருத்தோடு நிறுவியாக வேண்டும்.

1,40,000 பவுண்டு

பிரிட்டனில் 2015 டிசம்பர் 16-ல் அறிவிப்பு வந்தது. பணியால் மீசோதீலியோமா வந்த முன்னாள் வீரர்கள், விரும்பினால் வாராந்திர ஓய்வூதியத்துக்குப் பதில் 1,40,000 பவுண்டை ஒரே தொகையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய தேதியிலோ அதற்குப் பிறகோ நோய் உறுதியானவர்களுக்கு மட்டும். மறுபடி ஒரு தேதி, மறுபடி ஒரு கோடு. 1987-ஐ நினைவில் வைத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? டிசம்பர் 15-ல் நோய் உறுதியானவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்டார்கள். இந்தமுறை அரசு இரண்டரை மாதத்தில் இறங்கிவந்தது. ஏற்கெனவே நோயோடு இருந்தவர்களையும் சேர்ப்பதாக 2016 பிப்ரவரி இறுதியில் அறிவித்தது. ஏப்ரலில் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆஸ்பெஸ்டோசிஸ் உள்ளவருக்கோ கல்நாரால் நுரையீரல் புற்று வந்தவருக்கோ இந்த ஒருமுறைத் தொகை இல்லை. அவர்களுக்குப் பழைய வாராந்திரக் கணக்குதான்.

மீசோதீலியோமா வந்தவருக்கும் கணக்கு எளிதல்ல. மனைவியோ பிள்ளைகளோ இல்லாதவர் யோசிக்க ஒன்றுமில்லை, மொத்தத் தொகையை வாங்கிக்கொள்ளலாம். மணமானவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஒருமுறைத் தொகையை வாங்கினால் வாராந்திர ஓய்வூதியம், துணைப்படிகள் எல்லாம் போய்விடும், அவர் இறந்தபின் மனைவிக்கு வரக்கூடிய ஓய்வூதியமும் சேர்ந்து போய்விடும். வாராந்திரத்தையே வைத்துக்கொண்டால் அவர் கைக்குச் சில ஆயிரங்கள்தான் வரும், ஆனால் மனைவிக்கு வாழ்நாள் முழுதும் வாரந்தோறும் பணம் வரும். மனைவிக்கு வயது எண்பது என்றால் ஒரு விடை, அறுபது என்றால் வேறு விடை. கடன் இருக்கிறதா, வீட்டில் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டுமா, மகள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறாளா என்பதையெல்லாம் வைத்து விடை மாறும். விண்ணப்பத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று, நெஞ்சில் சேரும் நீரை வடிக்க மருத்துவமனைக்குப் போய்வரும் நாட்களுக்கு நடுவில், கணவனும் மனைவியும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தான் இன்னும் எத்தனை மாதம் இருப்போம், அவள் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பாள் என்று எண்ணிப்பார்த்து எழுத வேண்டும்.